மூன்றா நான்கா

பள்ளியில் என்னைத் தேவாங்கு என்றார்கள்.
மேலூர், ஏழாம் வகுப்பு,
கண்ணும் எலும்பும்தான் அப்போது நான்.
பக்கத்து பெஞ்சு திலகேஸ்வரிக்குக் கழுத்து நீளம்;
அவள் நாரை.
விலங்கையும் பறவையையும்
நாங்கள் கிட்டத்தில் பார்த்ததில்லை.
சொன்னவர்களும்தான்.

பதினெட்டு வருடம் கழித்து
அவற்றை எண்ணச் சம்பளம் வாங்குகிறேன்.
தினக்கூலி. பெட்ரோல் தனி.

இரவு, அழகர்மலை அடிவாரம்.
நெற்றியில் சிவப்பு விளக்கு,
வெள்ளை வெளிச்சம் அதன் கண்ணுக்கு ஆகாது.
முன்னால் வனக்காவலர் பெரியபுள்ளான்
செருப்புச் சத்தம் கேட்காமல் நடக்கிறார்.
கிளுவைப் புதருக்குள் இரண்டு கங்கு,
பீடியைப் பற்றவைத்துவிட்டு
இழுக்க மறந்த இருவர்போல.
தேவாங்கு ஒரு கையை எடுக்கும்.
எடுத்த கையை எங்கே வைப்பதென்று யோசிக்கும்.
வைக்கும்.
அதற்குள் எனக்கு மூன்று கொட்டாவி.
எறும்பைத் தின்கையில் முகம் சுளிக்கும்,
ஆனாலும் அடுத்த எறும்பு.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
தனித்து / கூட்டமாக.
பதினொரு மணிக்கு ஒன்று. தனித்து.
ஒன்றரைக்கு ஓடைக்கு அந்தப் பக்கம் இன்னொன்று. தனித்து.
ராத்திரி முழுக்க
அவரவர் கிளை, அவரவர் எறும்பு.

ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு விசில்.
கண்டக்டர் விசில் மாதிரி இல்லை,
ஊசிக்குள் நூல் போவது மாதிரி.
ஓடைப்பக்கமிருந்து பதில் விசில்.
பிறகு எங்கெங்கிருந்தோ
அவசரமே இல்லாமல் வந்து
ஒரே முள்மரத்தில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து
உருண்டையாகிவிட்டன.
எது யார் கை, எது யார் விலா, தெரியவில்லை.
"மூணாம்மா?" என்றார் பெரியபுள்ளான்.
"நாலு" என்றேன்.
உருண்டை ஒரு மூச்சு விட்டது.

ஆறரைக்கு வண்டியூர் கண்மாய்.
காது மறைத்த மப்ளரோடு ஒருவர் நின்று கேட்கிறார்,
"மேடம், அது பாம்பா?"
பாம்புத்தாரா, சார். கழுத்து மட்டும் வெளியே.
உடம்பைத் தண்ணிக்குள் எங்கோ
கழற்றி வைத்துவிட்டு வந்ததுபோல.
வாத்துக்கு வாய்த்த எண்ணெய்ச் சிறகு இதற்கு இல்லை.
முங்கினால் நனையும், நனைந்தால் கனக்கும்.
பட்ட கருவேலத்தில் ஏறி
இரண்டு சிறகையும் விரித்து நிற்கிறது,
சோதனைச் சாவடியில் கைதூக்கியவன் மாதிரி.
எண்ணிக்கை ஒன்று. சந்தேகமே இல்லை.
எண்ணுவதற்கு இத்தனை தோதான உயிர் வேறில்லை.

பொழுதுசாய இதுவும் நடுத்திட்டு மரங்களுக்குப் போகும்.
நீர்க்காகம், கொக்கு, அரிவாள்மூக்கன்,
நூறு, நூற்றைம்பது.
ஆனால் உற்றுப் பார்த்தால்
ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே
ஓர் அலகு தூரம்.
மீறினால் கொத்து.
படிவம் இதைக் கூட்டம் என்கிறது.

கே.கே. நகர் விடுதியில் எங்கள் அறைக்கு நாலு கட்டில்.
இடையில் அலகு தூரம்,
அதில் ஆளுக்கொரு வாளி.
அம்மா போனில் கேட்பாள், "தனியாவா இருக்க?"
கட்டம் இருந்தால் டிக் அடித்துவிடலாம்.

திலகேஸ்வரி ஓசூரில், கம்பெனியில்.
நைட் ஷிஃப்ட் முடிந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள்.
நானும் ஒன்று கொடுப்பேன்.
ரெண்டு பேருமே எடுப்பதில்லை.

ஒன்பது மணிக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு:
"மலைப்பக்கம் மூணா, நாலா?
கட்டத்துல ஒரு நம்பர்தான் போடணும்."
ஒன்று என்று போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.
அந்தப் பக்கம் கொஞ்சநேரம் ஃபேன் சத்தம்.

தண்ணீரில் பாம்புத்தாரா
ஒரு ஜிலேபிக் கெண்டையைக் குத்தி எடுத்தது.
தலைப்பக்கமாய் விழுங்க வாகாக
மேலே சுண்டியது.
தவறிவிட்டது.
கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பி
கரையைப் பார்த்தது.

நான் குனிந்து
படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.